நான் கேட்டு வாங்கிய தனிமை

நான் பொய் சொன்னேன்.

கொரோனாக் காலத்தில், கைக்குழந்தையாக இருந்த என் மகனை விட்டுப் போய்விடவேண்டும் என்பதற்காகவே, தொற்று வந்த ஒரு பெண்ணோடு நெருங்கி இருந்தேன் என்று சுகாதாரப் பரிசோதகரிடம் பொய் சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வாய் தவறி வந்த வார்த்தையும் அல்ல. யோசித்துத்தான் சொன்னேன்.

இன்றுவரை என் கணவருக்கு இது தெரியாது. மாதம் ஒருமுறை தோட்டத்துக் கோயிலுக்கு வரும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், ஜெபத்தில் மனம் நிற்கவில்லை என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவர் மன்னித்துவிடுவாரே! அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு, ராணியின் வாசலைக் கடந்து நான் எப்படி வீட்டுக்கு நடப்பேன்?

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. ராணியையும் தெரியாது.

நான் பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். உயர்தரம் வரை படித்து, முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தவள். கலியாணம் என்னைக் கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுவந்தது. கணவர் அந்தோனிக்குக் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில் நானும் அவருடைய அக்கா மேரி மதினியும்தான். மதினி இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். இளவயதிலேயே கணவனை இழந்தவர். பிள்ளை இல்லை.

ஜெரோம் பிறந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையிலேயே ஊரடங்கு போட்டார்கள். அந்தோனி கொழும்பில் மாட்டிக்கொண்டார். பிள்ளைப்பேறு பார்க்க வரவிருந்த என் அம்மா, மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை என்பதால் பலாங்கொடையிலேயே நின்றுவிட்டார். வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கவேண்டிய மருத்துவிச்சி தொலைபேசியில் மட்டும் விசாரித்தார். தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. விடியுமுன் மலைக்குப் போகும் மதினி, இறப்பர் பாலை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம்தான் திரும்புவார்.

அந்தக் காலை நேரங்கள்... அவற்றை எப்படிச் சொல்வேன் உங்களுக்கு?

நான் பிறந்த மலையில் கதவைத் திறந்தால் வானம் இருந்தது. இங்கே கதவைத் திறந்தால் மரம். ஜன்னலைத் திறந்தாலும் மரம். மழை விட்ட பிறகும் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். காயாத பிள்ளைத் துணிகள் காம்பரா முழுக்கத் தொங்கும். அவற்றுக்கு நடுவே நானும் அவனும். அவன் அழுதான். பால் கொடுத்தேன், அழுதான். தோளில் போட்டேன், அழுதான். அவன் தூங்கிய சிறிது நேரத்திலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எப்போது விழிப்பானோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். என் பிள்ளை மீது எனக்கு அன்பு வரவில்லை. எல்லாத் தாய்க்கும் தானாகச் சுரக்கும் என்றார்களே, அது எனக்குச் சுரக்கவில்லை! பால் மட்டும் நிறையச் சுரந்தது. ஊரார் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சிய டீச்சருக்குத் தன் பிள்ளையைத் தொடும்போது கை நடுங்கியது.

சொல்லிப் பார்த்தேன். சொல்லாமல் இல்லை.

அந்தோனியிடம் சொன்னேன்: "எனக்கு பயமா இருக்குங்க. மனசு என்னமோ மாதிரி இருக்கு."

"இப்ப யாருக்குத்தான் பயமில்ல ஸ்டெல்லா? நீயாவது வீட்டுல இருக்க. நான் கடைக்குள்ளயே படுத்துக் கெடக்கேன்."

அம்மாவிடம் சொன்னேன். "பச்ச ஒடம்பு அப்பிடித்தான் இருக்கும். வெந்நி வச்சி ஊத்திக்க," என்றார். மருத்துவிச்சி அழைத்து, "எப்பிடிம்மா இருக்கீங்க?" என்று கேட்டபோது, மதினி பக்கத்தில் உட்கார்ந்து ஜெரோமின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்காக வாழ்நாளெல்லாம் ஏங்கிய அந்த மனுஷியின் முன்னால், எனக்கு இந்தப் பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

"நல்லா இருக்கோம் மிஸ்," என்றேன்.

பிறகு ஒரு நாள் காலை. அவன் வெகுநேரமாக அழுதுகொண்டிருந்தான். அவனைத் துடைப்பதற்காகத்தான் துவாயை எடுத்தேன். அதை நான்காக மடித்தேன். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்கு மேலே குனிந்து நின்றேன்... அவன் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இதை அந்த வாயின் மேல் வைத்தால் போதும் என்று தோன்றியது. ஆமாம், எனக்குத்தான் தோன்றியது!

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அடுத்து நினைவிருப்பது, மழையில் தண்ணீர்க் குழாயடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். பக்கத்துக் காம்பரா ராணிதான் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளை. வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவள், என்னை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஜெரோமைத் தூக்கிக்கொண்டாள். அவள் தோளில் அவன் அடங்கிப்போனான்.

"டீச்சர்க்கா, நீங்க கொஞ்சம் படுங்க. இவன நான் வச்சிருக்கேன். எனக்கும் பழகிக்கணுமில்ல," என்று சிரித்தாள்.

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? முதல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் ஒருத்தியைப் பயமுறுத்தக்கூடாது என்று நினைத்தேன். நல்ல காரணம்தான், இல்லையா?

அதற்குச் சில நாள் கழித்துத்தான் சந்தி மருந்துக்கடையில் வேலை செய்த பெண்ணுக்குத் தொற்று என்ற செய்தி வந்தது. கடைக்குப் போனவர்கள் யார் யார் என்று விசாரித்துக்கொண்டு பரிசோதகர் லயத்துக்கு வந்தார். வாசலுக்குக் கீழேயே நின்றுகொண்டு சிங்களத்தில் கேட்டார்.

நான் அந்தக் கடைக்குப் போயிருந்தேன், பிள்ளைக்கு மருந்து வாங்க. கடைக்குள் கால் வைக்கவில்லை. தெருவில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், முகக்கவசத்தோடு நின்றேன். அந்தப் பெண் ஒரு தட்டில் மருந்தை வைத்துத் தள்ளினாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

"கிட்டப் போனீங்களா நங்கி?" என்று தங்கச்சியிடம் கேட்பதுபோலக் கேட்டார் அவர்.

அந்த நேரத்தில் உள்ளே ஜெரோம் சிணுங்க ஆரம்பித்தான்.

"போனேன் மாத்தயா," என்றேன். "உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று முகக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். நானும் கழற்றினேன்."

எவ்வளவு சரளமாக வந்தது! முன்பள்ளியில் கதை சொல்லிப் பழகிய நாக்கல்லவா?

அவர் ஓரடி பின்னால் போனார். "பிள்ளைக்குத் தாய்ப்பால்தானே? அப்படியென்றால் பிள்ளையும் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு வரவேண்டும்."

"இல்லை மாத்தயா. புட்டியில் மாப்பால்தான். பிள்ளை மதினியிடம்தான் படுக்கிறான். நான் தள்ளியே இருக்கிறேன்."

என் நெஞ்சில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. மதினி அப்போதுதான் மலையிலிருந்து வந்து நின்றார். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். நான் சொன்னது பொய் என்றும் தெரியும். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஆமாங்க மாத்தயா, புள்ள எங்கிட்டத்தான்," என்று ஒத்துக்கொண்டார்.

பிள்ளையை அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக நான் பால் கொடுப்பதையே மறைக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். வண்டி வந்து நான் ஏறும்போது, "ஒன்ன மாதிரி ஒரு தாய நான் பாத்ததில்லடி," என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

நானும் அழுதேன். அது நிம்மதியின் அழுகை என்று யாருக்குத் தெரியும்!

நிலையம் ஒரு பாடசாலைக் கட்டடம். வகுப்பறையில் கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்த கட்டிலுக்கு எதிரே பெரிய ஜன்னல். அதில் வானம் இருந்தது. பட்டப்பகலில் படுத்தேன். சாப்பாட்டுப் பார்சல் வந்து, ஆறி, திரும்பிப்போனதுகூடத் தெரியாமல் தூங்கினேன். விழித்தபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. குளியலறைக்குப் போய், கை கழுவும் தொட்டியில் பாலைப் பிழிந்து விட்டேன். வெள்ளையாகச் சுழன்று துவாரத்துக்குள் போனது. குழாயைத் திறந்துவிட்டேன்.

அங்கிருந்தவர்கள் எல்லாரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். சிறு குழந்தையை விட்டு வந்தவளாம்! எனக்காக ஜெபம் செய்தாள் ஒருத்தி. நான் தலையைக் குனிந்து ஆமென் சொன்னேன்.

அங்கே நான் தூங்கிக்கொண்டிருந்தபோது லயத்தில் நடந்ததை இனிச் சொல்கிறேன்.

என்னை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும், என் பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று லயத்தை மூடினார்கள். இரண்டு முனையிலும் கயிறு. வாசல்களில் அறிவித்தல். முடிவு வரத் தாமதமானது. அதற்குள் ராணியின் கிளினிக் நாள் வந்து போனது. அவளுக்குக் கால் வீங்கியிருந்ததாம். தலைவலி என்று சுருண்டு கிடந்தாளாம். ஒரு நாள் காலை, "வயித்துல புள்ள அசையிற மாதிரி தெரியலையே," என்று தன் கணவன் சிவாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சிவா மருத்துவிச்சிக்குத் தொலைபேசி எடுத்தான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். எதில் கொண்டுபோவது? ஆட்டோக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தான். எந்த லயம் என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். தோட்டத்து லொறிக்காரன் வரமாட்டேன் என்றான். அம்புலன்ஸ் கொரோனா நோயாளியை ஏற்றப் போயிருந்தது. அது திரும்பி வந்து, கழுவி, உடை மாற்றிக்கொண்டு ஆட்கள் வரும்போது பிற்பகல் ஆகிவிட்டது. அதுவரை ராணி அறிவித்தல் ஒட்டிய அந்தக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தாள்.

பெண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது.

சிவா ஒருவனாகவே கொண்டுபோய் அடக்கம் செய்தானாம். லயத்து ஆட்கள் கயிற்றுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அடுத்த நாள் என் முடிவு வந்தது. தொற்று இல்லை! கயிற்றை அவிழ்த்தார்கள்.

மதினிதான் தொலைபேசியில் சொன்னார். நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன்.

"எல்லாம் அந்த மருந்துக்கடப் பொண்ணால வந்தது. நோவ வச்சிக்கிட்டு முகமூடியக் கழட்டிப் பேசியிருக்கா பாரு! நீ மனசு விட்டுறாத ஸ்டெல்லா. நீ என்னா பண்ணுவ?"

நான் என்ன பண்ணுவேன்...

அந்தப் பெண்ணையும் நான்தான் அழித்தேன் என்பதை நீங்கள் கவனித்தீர்களா? அவள் முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. ஆனால் தோட்டம் முழுக்க அந்தப் பேச்சுத்தான். குணமாகி வந்தவளைக் கடையில் சேர்க்கவில்லை. பிறகு அவளை அந்தச் சந்தியில் நான் காணவில்லை. எம்பிலிப்பிட்டியப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எனக்குத் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும், நிலையத்தில் இருக்கவேண்டிய காலம் முழுக்க இருக்கவேண்டும் என்றார்கள். ராணியின் செய்தி கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வந்திருக்காது என்று நினைப்பீர்கள். இல்லை. அன்று மாலையும் தூங்கினேன்! உடம்பு எவ்வளவு இரக்கமில்லாதது!

காலம் முடிந்து என்னை லயத்தின் கீழே இறக்கிவிட்டார்கள். என் பால் அப்போது வற்றியிருந்தது. படிகளில் ஏறி வந்தேன்.

ராணி தன் இஸ்தோப்புத் திண்ணையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை. சேலைத் தலைப்புக்குள் பிள்ளையின் முகம் மறைந்திருந்தது. அதன் கால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலை எனக்குத் தெரியும்.

என் மகன் ராணியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் அவள் பதறி எழுந்தாள். அவசரமாகத் தலைப்பை இழுத்து மூடினாள். திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அவள் முகம் வெளிறியது.

"மன்னிச்சிருங்க டீச்சர்க்கா... ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. மாப்பால சரியாக் குடிக்க மாட்டேன்னுட்டான். அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சி. மேரியக்காதான் தூக்கிட்டு வந்தாங்க. எனக்கும்... எனக்கும் கட்டிக்கிட்டு வலி தாங்கல. அதான்..."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! கேட்டீர்களா? அவள், என்னிடம்!

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். அவள் காலில் விழுந்திருக்கவேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? கையை நீட்டினேன். அவள் பிள்ளையைத் தந்தாள். அவன் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதான். அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"நீயே வச்சிரு ராணி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகும் பல மாதம் அவள்தான் கொடுத்தாள். அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கிறது என்று மதினி சொன்னார். இருந்ததா? சில நாள் பால் கொடுத்து முடித்ததும், அவனை மதினி கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போவாள். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழும் சத்தமும் அதற்கு மேலால் வந்துவிடும். நான் அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் இருட்டு மெல்ல மெல்ல விலகியது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் தவழ்ந்து வந்து என் பாவாடையைப் பிடித்து எழுந்த ஒரு பகலில், அவனை வாரி எடுத்தபோது கை நடுங்கவில்லை. அன்பு வந்தது. இவ்வளவு பிந்தி, இவ்வளவு நிறைய!

பின்னொரு காலத்தில் கிளினிக்கில் தாய்மாரை உட்காரவைத்து மருத்துவிச்சி பேசினார். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனதில் வரும் நோய் இது என்றார். தூக்கமின்மை, பயம், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு... வெட்கப்படாமல் சொல்லவேண்டும், மருந்து இருக்கிறது, ஆலோசனை இருக்கிறது என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். என்னைப் பற்றியே சொல்வதுபோல இருந்தது.

அப்படியானால் அது நோய். சரி. அந்தத் துவாய்க்கு நோய் பதில் சொல்லட்டும். பொய்க்கு யார் பதில் சொல்வது? பெஞ்சையும் மூச்சு முட்டலையும் கற்பனை செய்து சொன்னதும் நோய்தானா?

இன்னொரு பக்கமும் யோசித்திருக்கிறேன். அன்று நான் போயிருக்காவிட்டால், இன்னொரு காலையில் அந்தத் துவாயை வைத்திருப்பேனோ? என் பொய்தான் என் மகனைக் காப்பாற்றியதோ? இருக்கலாம். ராணியின் பிள்ளை கயிறு கட்டுவதற்கு முன்பே பலவீனமாக இருந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதுவும் இருக்கலாம். இந்த இரண்டு "இருக்கலாம்"களையும் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் தொங்கியிருக்கிறேன். கை வலித்ததுதான் மிச்சம்.

இப்போது ஜெரோம் பள்ளிக்கூடம் போகிறான். ராணியை "ராணிம்மா" என்று கூப்பிடுகிறான். அந்தோனி அவனுக்கு அடிக்கடி கதை சொல்வார்: "நீ கைக்கொழந்தையா இருக்கப்ப அம்மாவக் கொரோனாவுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. ஒன்னக் கூட்டிட்டுப் போயிறக் கூடாதுன்னு அம்மா தனியாப் போனாங்க." அவன் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வான். நான் அவன் தலையைத் தடவுவேன்.

வருடக்கணக்கில் பிள்ளை தங்காமல் இருந்த ராணி இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மாதம் நெருங்கிவிட்டது. அவளுக்குப் பயம். கிளினிக்கில் எல்லாம் சரி என்கிறார்கள், ஆனாலும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். போன ஞாயிறு என்னிடம் வந்தாள்.

"டீச்சர்க்கா, ஆஸ்பத்திரிக்கு எங்கூட நீங்கதான் வரணும். அம்மா இல்ல எனக்கு. நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்."

"வாறேன்," என்றேன்.

"அன்னிக்கி நீங்க இங்க இருந்திருந்தா, படிச்சவங்க, யாரையாவது பேசிக் கூட்டியாந்திருப்பீங்க. நான் எத்தன தடவ நெனச்சிருக்கேன் தெரியுமா? ஒங்கள மட்டும் அன்னிக்குப் புடிச்சிட்டுப் போகாம இருந்திருந்தா..."

அவள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது.

வாய் வரை வந்தது. சத்தியமாக வந்தது! ஆனால் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியிடம் இதைச் சொல்லலாமா? அதிர்ச்சியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம். பிறந்த பிறகு... பச்சை உடம்புக்காரியிடம் சொல்லலாமா? அவள் மனமும் என் மனம்போல இருண்டுவிட்டால்?

பார்த்தீர்களா? எனக்கு மறுபடியும் நல்ல காரணம் கிடைத்துவிட்டது.